சேர், அங்கேயும் சுனாமி வருமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 11 விஞ்ஞானப் புத்தகத்தில் ஐதரோகாபன்கள் என்று ஒரு அலகு வரும். மெதேன், எதேன், புரொப்பேன், பியூட்டேன் என்று பெயர்களைப் பாடமாக்கி, கட்டமைப்பைக் கீறி, புள்ளியை வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிற பாடம். நான் சில வருடங்களாக அந்தப் பாடத்தை சனிக் கிரகத்தின் சந்திரன் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறேன். "பரீட்சைக்கு வராததை ஏன் சேர் படிப்பிக்கிறீங்க?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். கேட்டதில் பிழையில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லாருக்குமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தச் சந்திரனின் பெயர் டைட்டன். 1655 இல் ஒல்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் தொலைகாட்டியில் கண்டுபிடித்தார். குறுக்களவு 5,150 கிலோமீற்றர். புதன் கிரகத்தை விடவும் பெரியது. சனி நம்மிடமிருந்து ஏறத்தாழ 140 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அங்கே விழுகிற சூரிய ஒளி நமக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான். தரையின் வெப்பநிலை -179 பாகை செல்சியஸ். வளிமண்டலம் தடிப்பானது. அதில் பெரும்பங்கு நைதரசன், நாம் சுவாசிக்கும் வளியைப் போலவே. அடுத்தது மெதேன். 1944 இலேயே ஜெராட் கைப்பர் என்ற வானியலாளர் டைட்டனின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அங்கே மெதேன் இருப்பதைச் சொல்லிவிட்டார்.

ஒரு கடலை வைத்திருக்கும் இடம் என்று இன்று நிச்சயமாகத் தெரிந்தது பூமிக்கு அடுத்து டைட்டன்தான். கடல் என்றால் நிலத்துக்கு மேலே, வானம் பார்த்துக் கிடக்கிற கடல். 2006 ஜூலையில் கசீனி என்ற விண்கலம் ரேடார் அலையை அனுப்பிப் பார்த்தபோது, வடதுருவத்துக்குக் கிட்ட கறுப்புக் கறுப்பாக ஏரிகள் தெரிந்தன. பிறகு பெரிய கடல்களும் தெரியவந்தன. கிராக்கன் என்ற கடல் ஏறத்தாழ ஆறு இலங்கையைப் போட்டு மூடக்கூடிய பரப்பு. லிஜியா என்பது இரண்டு இலங்கை அளவு, சில இடங்களில் 160 மீற்றர் ஆழம். அதற்குள் ஓடி விழுகிற ஆறு ஒன்று நமது மகாவலியை விட நீளமானது.

ஆனால் அந்த ஆற்றிலும் கடலிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை. ஓடுவது மெதேனும் எதேனும். நமது அடுப்படி காஸின் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பில் கேள்விகள் வரத் தொடங்கும். அந்தக் கேள்விகள் வருகிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

"காஸ் எப்படி சேர் கடலாகும்?"

வீட்டில் இருக்கிற சிலிண்டரை மெதுவாக அசைத்துப் பாருங்கள். உள்ளே ஏதோ தளும்பும். அது திரவம். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. புரொப்பேன் -42 பாகையில் கொதிக்கும். பியூட்டேன் கிட்டத்தட்ட 0 பாகையில் கொதிக்கும். நமது ஊர் வெயிலில் இரண்டும் வாயுவாகத்தான் இருக்க வேண்டும். அமுக்கம் கொடுத்து இரும்புக்குள் அடைத்து வைத்திருப்பதால் திரவமாக இருக்கின்றன. அடுப்பைத் திறந்தால் அமுக்கம் குறைகிறது, உள்ளே கொதிக்கிறது, வாயு வெளியே வருகிறது. பெரிய சட்டி வைத்து நீண்ட நேரம் எரித்தால் சிலிண்டரின் வெளிப்புறம் குளிர்ந்து வேர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். கொதிப்பதற்குத் தேவையான வெப்பத்தை அது தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

மெதேன் அப்படி அடங்காது. சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. கட்டாயம் குளிர்விக்க வேண்டும். இயற்கை வாயுவைக் கப்பலில் ஏற்றும்போது ஏறத்தாழ -162 பாகை வரை குளிர்வித்துத்தான் ஏற்றுகிறார்கள். டைட்டனில் அந்தக் குளிர் சும்மா கிடைக்கிறது. -161 பாகையில் கொதிக்கிற மெதேன், -179 பாகையில் திரவமாகத்தானே இருக்கும். -182 ஐத் தாண்டினால் உறைந்துவிடும். அந்த ஒடுக்கமான இடைவெளிக்குள் டைட்டன் சரியாக வந்து நிற்கிறது. மெதேன் ஆவியாகி, முகிலாகி, மழையாகி, ஆறாகி, மீண்டும் கடலுக்கு வருகிறது. நாம் தரம் 6 இல் கீறிய நீர்ச் சக்கரப் படத்தில் தண்ணீரை அழித்துவிட்டு மெதேன் என்று எழுதினால் போதும்.

நமது சிலிண்டரை அங்கே கொண்டுபோய்த் திறந்தால் பியூட்டேன் கட்டியாக உறைந்து கிடக்கும். புரொப்பேன் திரவமாக ஊற்றும். வாயு என்று வெளியே வர ஒன்றும் இருக்காது.

"நெருப்புக்குச்சி ஒண்ட உரசினா முழுக் கடலும் பத்திடுமே சேர்?"

ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி வரும். கேட்கிற பிள்ளையின் கண்ணில் ஒரு சந்தோசமும் இருக்கும். பற்றாது. எரிவதற்கு எரிபொருள் மட்டும் போதாது, ஒட்சிசனும் வேண்டும். டைட்டனின் வளியில் எரிதலுக்கு உதவுகிற ஒட்சிசன் இல்லை. இருக்கிற ஒட்சிசனில் பெரும்பகுதி பனிக்கட்டிக்குள், ஐதரசனோடு பிணைந்து பூட்டப்பட்டுக் கிடக்கிறது. பூமியில் இதுவரை அறியப்பட்ட எண்ணெய், இயற்கை வாயு எல்லாவற்றையும் சேர்த்தாலும் டைட்டனில் அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு திரவ ஐதரோகாபன் இருக்கிறது. ஆனாலும் அங்கே ஒரு கேத்தல் தேத்தண்ணி கொதிக்க வைக்க முடியாது.

2022 இல் நாம் எல்லோரும் சிலிண்டரைச் சங்கிலியால் பிணைத்து ரோட்டோரம் வரிசையில் வைத்துவிட்டு விடிய விடியக் காத்திருந்தோமே, அந்த வருடம் ஒரு மாணவன் சொன்னான்: "டைட்டன்ல பிறந்திருந்தா கியூவே இல்ல சேர்." நான் சொன்னேன்: "கியூ இருக்கும் மகன். ஒட்சிசன் சிலிண்டருக்கு இருக்கும்." அங்கே வளியிலேயே மெதேன் இருக்கிறது. ஒட்சிசனைக் குழாயால் விட்டுப் பற்ற வைத்தால் அந்த ஒட்சிசன்தான் எரிவது போலத் தெரியும். எது எரிபொருள், எது காற்று என்று நாம் பிரிப்பதெல்லாம் நாம் வாழும் இடத்தை வைத்துத்தான். வகுப்பு சிரித்தது. தகனத்துக்குத் தேவையான மூன்று நிபந்தனைகளை அந்த வகுப்பில் ஒருவரும் மறக்கவில்லை.

"அந்தக் கடல் உப்பா சேர்?"

கரையோரப் பிள்ளைகள் கேட்காமல் விடமாட்டார்கள். உப்பில்லை. உப்பை அள்ளிப் போட்டாலும் கரையாது. தண்ணீர் மூலக்கூறில் ஒரு பக்கம் சிறிது நேரேற்றமும் மறுபக்கம் சிறிது மறையேற்றமும் உண்டு. அதனால்தான் உப்பை இழுத்துப் பிரித்துக் கரைக்கிறது. மெதேனில் நடுவில் ஒரு காபன், சுற்றி நான்கு ஐதரசன், எல்லாப் பக்கமும் ஒன்றுபோல. இழுப்பதற்கு ஒரு முனையும் இல்லை. உப்பு, சீனி இரண்டும் அங்கே மணல் மாதிரி அடியில் போய்க் கிடக்கும். எண்ணெய்க் கையைத் தண்ணீரில் மட்டும் கழுவினால் போகாததற்கும் காரணம் இதுதான்.

ஐஸ் மிதக்காது. நமது ஐஸ் தண்ணீரில் மிதப்பது தண்ணீரின் தனிக் குணம், ஐதரசன் பிணைப்பால் வருவது. உறைந்த மெதேன் திரவ மெதேனை விட அடர்த்தி கூடியது, தாழ்ந்துவிடும். தண்ணீர் ஐஸைப் போட்டாலும் தாழும், ஏனென்றால் திரவ மெதேனின் அடர்த்தி தண்ணீரின் பாதியை விடக் குறைவு. நீந்தத் தெரிந்தவரும் அங்கே மிதக்க மாட்டார். தோணி மிதக்கும், ஆனால் இங்கே ஒரு சாண் தாழ்கிற தோணி அங்கே இரண்டு சாணுக்கு மேல் தாழும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தக் கணக்கை என்னை விட வேகமாகச் செய்வார்கள்.

"இவ்வளவு மெதேன் எங்க இருந்து வந்த?"

பூமியில் எண்ணெயும் வாயுவும் பெரும்பாலும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் இறந்துபோன உயிரினங்களிலிருந்து வந்தவை. டைட்டனில் அப்படி ஒன்று தேவைப்படவில்லை. மெதேன் அங்கே ஆரம்பத்திலிருந்தே பனியோடு சேர்ந்து இருந்திருக்க வேண்டும். வளிமண்டலத்தின் மேற்பகுதியில் சூரியனின் புறவூதாக் கதிர் மெதேன் மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து எதேன் ஆகின்றன. அசற்றலீன், புரொப்பேன், பென்சீன் எல்லாம் உண்டாகின்றன. நைதரசனும் சேர்ந்தால் ஐதரசன் சயனைட்டு. இவை மேலும் மேலும் சேர்ந்து செம்மஞ்சள் நிறப் புகையாகி, அந்தச் சந்திரனையே மூடியிருக்கின்றன. 1980 இல் வொயேஜர் 1 கிட்டப் போய்ப் படம் எடுத்தபோது அந்தப் புகை மட்டும்தான் தெரிந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ரேடார் வர வேண்டியிருந்தது.

உடையும்போது வெளியேறுகிற ஐதரசன் இலேசானது. டைட்டனின் ஈர்ப்பு பூமியின் ஏழில் ஒரு பங்குதான், அதனால் ஐதரசன் விண்வெளிக்குத் தப்பிப் போய்விடுகிறது. போன ஐதரசன் திரும்பி வராததால் மெதேனை மீண்டும் கட்ட முடியாது. இந்த வேகத்தில் போனால் சில கோடி வருடங்களில் வளியிலுள்ள மெதேன் முடிந்திருக்க வேண்டும். டைட்டனுக்கோ வயது 450 கோடி வருடம். ஆகவே உள்ளேயிருந்து எங்கோ மெதேன் வந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கிருந்து, எப்படி என்பது விஞ்ஞானிகள் இன்னும் முடிக்காத கணக்கு. "முடிக்காத கணக்கு" என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாடப் புத்தகத்தில் எல்லாம் முடிந்த கணக்காகத்தானே இருக்கிறது.

பெற்றோர் கேட்ட கேள்விக்கான என் பதிலில் ஒரு பகுதி, அந்தக் கடலின் கலவையில் இருக்கிறது.

டைட்டனின் எல்லா ஏரியும் ஒரே கலவை இல்லை. வடக்கில் லிஜியா கடல் பெரும்பாலும் மெதேன். தெற்கில் ஒன்டாரியோ என்ற ஏரியில் எதேன் இருப்பதை 2008 இல் உறுதி செய்தார்கள். இரண்டிலும் வளியிலுள்ள நைதரசன் கரைந்திருக்கிறது. மெதேனில் நைதரசன் நன்றாகக் கரையும், எதேனில் குறைவாகக் கரையும். குளிரக் குளிரக் கூடக் கரையும். அதனால் மெதேன் கடலுக்குள் எதேன் கூடிய திரவம் வந்து கலந்தாலோ, வெப்பநிலை சிறிது ஏறினாலோ, கரைந்திருந்த நைதரசன் நுரைத்துக்கொண்டு வெளியே வரலாம். சோடாப் போத்தலைத் திறந்தால் நடப்பதுதான். 2013 இல் லிஜியா கடலில் ஒரு பிரகாசமான திட்டு ரேடாரில் தெரிந்து, பிறகு காணாமல் போனது. மாயத் தீவு என்று பெயர் வைத்தார்கள். இப்படி எழுந்த குமிழிகளாக இருக்கலாம் என்பது அதற்கான விளக்கங்களில் ஒன்று.

கலவையின் விகிதம் மாறினால் அமுக்கம் மாறும், கொதிப்பு மாறும், கரைதிறன் மாறும். இது 140 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள விடயம் என்று நினைக்க வேண்டாம். 2021 இன் கடைசி மாதங்களில் நாட்டில் வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வெடிப்பு என்று செய்தி வந்தபோது, புரொப்பேன் எத்தனை வீதம், பியூட்டேன் எத்தனை வீதம் என்று நாடே பேசியது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும் என்பதைத் தேநீர்க் கடையிலும் சொன்னார்கள். அந்த நேரம் என் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். சமையலறையில் மணம் வந்ததும் லைட்டைப் போடாமல், கதவைத் திறந்து, தாழ்வான இடத்தில்தான் காஸ் தங்கும் என்று தரையோடு காற்று வெளியேற வழிவிட்டு, ரெகுலேற்றரைக் கழற்றியதாகச் சொன்னாள். வளியை விடப் பாரமான வாயு தரையில் படியும் என்பதும், காஸுக்குத் தனி மணம் இல்லை, மணத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதும் அவள் அந்த டைட்டன் பாடத்தன்று படித்தவை. கேள்வியோடு போன பாடம் தலையில் நிற்கிறது.

இனி, இந்தப் பதிவின் தலைப்பில் இருக்கிற கேள்விக்கு வருகிறேன்.

கசீனி விண்கலம் தன்னோடு ஹைகன்ஸ் என்ற சிறு கலத்தைச் சுமந்து சென்றது. 2004 டிசம்பர் 25 அன்று அதைக் கழற்றி டைட்டனை நோக்கி விட்டது. இயந்திரம் ஒன்றும் இயங்காமல், இருட்டில் மிதந்துகொண்டே அது மூன்று கிழமை போனது. அது போய்க்கொண்டிருந்த இரண்டாம் நாள், டிசம்பர் 26, நமக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் அதிக உயிர்கள் போனது நமது அம்பாறை மாவட்டத்தில். ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் பரசூட்டில் தொங்கி இரண்டரை மணித்தியாலம் இறங்கி, ஈரமான ஒரு தரையில் போய் உட்கார்ந்தது. சுற்றி உருண்டையான கற்கள், எல்லாம் தண்ணீர்ப் பனிக்கட்டிகள். ஆறு உருட்டிய கற்களைப் போல இருந்தன. மனிதன் செய்த கலம் ஒன்று இறங்கிய மிகத் தூரமான தரை இன்றுவரை அதுதான். அந்தக் கிழமை நான் வரவுப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஹைகன்ஸ் பற்றி எனக்குத் தெரியவந்தது பல மாதம் கழித்து, நிவாரணப் பொருள் சுற்றிவந்த பழைய பத்திரிகை ஒன்றில்.

இன்று என் வகுப்பில் இருக்கிற ஒரு பிள்ளையும் அன்று பிறந்திருக்கவில்லை. ஆனால் பயம் வீட்டில் இருக்கிறது. போன தவணையில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், அங்கேயும் சுனாமி வருமா? எங்கட மூத்தம்மா இன்னும் கடற்கரைக்கு விடமாட்டா." வகுப்பு சிரிக்கவில்லை.

கரும்பலகையில் கணக்கு எழுதினோம். சுனாமி அலையின் வேகத்தைக் கண்டுபிடிக்க, ஈர்ப்பு ஆர்முடுகலை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். திரவம் தண்ணீரா மெதேனா என்பது இந்தக் கணக்கில் வராது. லிஜியா கடலுக்கு 160 மீற்றர் ஆழம், டைட்டனின் ஈர்ப்பு 1.35. விடை மணிக்கு ஏறத்தாழ 53 கிலோமீற்றர். நமது ஊருக்குள் ஓடுகிற பஸ்ஸின் வேகம். வந்து மோதினாலும் அந்தத் திரவம் தண்ணீரை விடப் பாதிக்கு மேல் இலேசு. "அப்ப அங்க பைசிக்கிள்ல தப்பலாம் போல" என்றான் பின்வாங்கில் இருந்தவன்.

அதே கணக்கை 4,000 மீற்றர் ஆழமுள்ள நமது சமுத்திரத்துக்குச் செய்தோம். மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். சுமாத்திராவில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் ஏன் நமது கரைக்கு வந்தது என்பது கரும்பலகையிலேயே தெரிந்தது. அந்த மாணவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு மணித்தியாலம் இருந்ததா சேர்? அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

அன்று இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை இருக்கவில்லை, பிறகுதான் உருவாக்கினார்கள் என்று சொன்னேன். கடல் உள்வாங்கியபோது அது என்ன என்று கரையில் நின்றவர்களில் அநேகமானோருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் சொன்னேன். அவள் மூத்தம்மாவுக்கும் இந்தக் கணக்கைக் காட்டப் போவதாகச் சொல்லிக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

2028 இல் டிராகன்ஃபிளை என்ற பறக்கும் கலத்தை டைட்டனுக்கு அனுப்ப நாசா ஏற்பாடு செய்கிறது. 2034 இல் போய்ச் சேர வேண்டும். கடலில் இறங்காது, மணல்மேட்டுப் பகுதியில் பறந்து பறந்து இறங்கி அங்கேயுள்ள காபன் சேர்வைகளைச் சோதிக்கும். உயிர் தொடங்குவதற்கு முன் இரசாயனம் எவ்வளவு தூரம் தானாகப் போகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அது இறங்குகிறபோது இன்றைய தரம் 11 பிள்ளைகள் இருபத்தைந்து வயதை நெருங்கியிருப்பார்கள்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று வீடுகளில் பேச்சு தொடங்கும். கிட்ட உள்ள பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை, பொம்பிளப் பிள்ளையைத் தூர அனுப்ப ஏலாது, ஆகவே கலைப்பிரிவு என்று எத்தனையோ வீட்டில் முடிவாகிறது. கலைப்பிரிவு குறைந்ததல்ல, விரும்பிப் படிக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. நான் சொல்வது விரும்பாமல் தள்ளப்படுகிற பிள்ளைகளைப் பற்றி. பிரிவைத் தீர்மானிக்கும் முன் பிள்ளையிடம் ஒரு தடவை கேளுங்கள். போக்குவரத்துத்தான் பிரச்சினை என்றால், ஒரே தெருவில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து போக ஒரு வேன் பிடிப்பதைப் பற்றிப் பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் பழைய மாணவர் சங்கத்தோடும் பேசலாம். நானும் வருகிறேன். இரசாயனவியலில் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கிற தம்பி தங்கச்சிமார் யாராவது இதை வாசித்தால், வார இறுதியில் இரண்டு மணித்தியாலம் தர முடியுமா என்று உட்பெட்டியில் சொல்லுங்கள். வகுப்பறைக்கு அனுமதி எடுப்பது என் பொறுப்பு.